கொக்கும் நீர்நாயும் பறந்த படகு

ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகை ஓட்டியது ஒரு பெண். எல்லோருக்கும் அவள் படகுக்காரக்கா. அந்த ஆறுதான் இரண்டு மாகாணங்களுக்கும் எல்லை. நடு ஆறு தாண்டியதும் ஒரு மாகாணக் கொடியை இறக்கி மற்றதை ஏற்ற வேண்டும். அவள் பிறந்த கரைக்கு நீலக்கொடி, நடுவில் வெள்ளைக் கொக்கு. எதிர்க்கரைக்கு மஞ்சள், அதில் கறுப்பு நீர்நாய்.

படகில் டிக்கெட் கிழித்த எதிர்க்கரைக்காரனையே அவள் கட்டிக்கொண்டாள். மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. கொக்குக்கொடி தன் வாசற்படி ஏறக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மருமகள் மறுநாள் நைந்த கொக்குக்கொடி ஒன்றைச் சமையலறை ஜன்னலுக்குத் திரையாக மாட்டினாள். அதற்குப் பிறகு மாமியார் மீன் கழுவும்போதெல்லாம் கொக்கை நிமிர்ந்து பார்த்து, "உனக்கு ஒண்ணும் கிடையாது" என்பாள்.

ஒருநாள் தலைநகரிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டு மாகாணங்களும் இனி ஒன்று, கொடியும் ஒன்று. சாம்பல் துணியில் வெறும் வட்டம். கழுவி வைத்த தட்டு மாதிரி இருக்கிறது என்றான் கணவன். ஆனாலும் ஒரு துணிக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்வானேன் என்று அவளுக்குப் புத்தி சொன்னான். அவள் காலையில் பழைய கொடிகள் இரண்டையும் ஒரே கம்பத்தில் ஏற்றிவிட்டாள்.

அந்த வாரமே படகுத்துறை அதிகாரி ஏறினார். தங்கை வீட்டுக்குப் போக மாமியாரும் அதே படகில் இருந்தாள். நடு ஆற்றில் அதிகாரி கம்பத்தைக் கவனித்துவிட்டு வந்தார்.

"அந்த ரெண்டையும் இறக்கும்மா. அதெல்லாம் இப்ப இல்ல."

அவள் என்ஜினை அணைத்தாள். "எது சார் இல்ல? இந்தக் கரை இருக்கு, அந்தக் கரையும் இருக்கு."

"லைசென்ஸ் போயிடும்."

"போகட்டும். என் கையால இறக்க மாட்டேன்."

அதிகாரி தானே கம்பத்தை நோக்கி நடந்தார். மாமியார் பையோடு எழுந்து வந்து குறுக்கே நின்றாள்.

"தம்பி, கொக்கு எனக்கு ஆகாது. இவளும் எனக்கு அவ்வளவா ஆகாது. ஆனா அது எங்க வீட்டுச் சண்டை. நடுவுல நீங்க யாரு?"

படகில் யாரும் நகரவில்லை. அதிகாரி திரும்பிப் போய் உட்கார்ந்தார். படகுக்காரக்கா அவரைப் பத்திரமாகக் கரை சேர்த்தாள்.

லைசென்ஸ் போனது. மன்னிப்புக் கேட்டால் உடனே திருப்பித் தருவதாக விசாரணையில் சொன்னார்கள். செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். புத்தி சொன்ன கணவனும் டிக்கெட் பையைத் துறையில் வைத்துவிட்டு அவள் பின்னால் வந்தான். இருவரும் படகுப் பட்டறையில் பெயின்ட் அடித்தார்கள். கையெல்லாம் தோல் உரிந்தது. புது ஓட்டுநரை இரு கரைக்காரர்களும் சும்மா விடவில்லை. ஏறுகிற ஒவ்வொருவரும் கொக்கு எங்கே, நீர்நாய் எங்கே என்று கேட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். வேறு ஆள் கிடைக்காமல் அவளையே கூப்பிட்டார்கள்.

சாம்பல் கொடியை அவள் மறுக்கவில்லை. சட்டம் கேட்டதே என்று படகின் பின்பக்கம், என்ஜின் புகை அடிக்கும் இடத்தில் கட்டினாள். முன்கம்பத்தில் பழையவை இரண்டும் ஏறின. இன்றும் மாதம் தவறாமல் நோட்டீஸ் வருகிறது. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவள் படகை எடுக்கிறாள்.