வாங்கில் பக்கத்தில் இருந்தவள்

சண்டை மறுபடி தொடங்கிய வருடம், பருத்தித்துறையில் கர்ப்பிணிகள் கிளினிக்கில், முறைக்காகக் காத்திருந்த நீள வாங்கில் என் பக்கத்தில் இருந்தவளுக்குப் பதினேழு வயது. தனியாக வந்திருந்தாள். பின்னலின் நுனியை ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் இவ்வளவு கெதியாக் கலியாணம்?" என்று கேட்டேன்.

"நான் இயக்கத்துக்குப் போயிடுவன் எண்டு அம்மாவுக்குப் பயம், அக்கா."

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினாள். "வயித்தை வெட்டியோ பிள்ளையை எடுக்கிறவை?"

"பள்ளிக்கூடத்திலை சொல்லித்தரேல்லையோ?"

"அந்தப் பாடத்தை வீட்டை போய்ப் படியுங்கோ எண்டு ரீச்சர் சொன்னவ. அம்மாவைக் கேட்டன். உனக்கேன் உந்தக் கதை எண்டு பேசினவ."

பயப்பட வேண்டாம் என்று சொல்லி, பிள்ளை எப்படிப் பிறக்கும் என்று விளக்கத் தொடங்கினேன். பாதியில் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிறகு அவளை நான் காணவேயில்லை.

நானும் சுகாதாரம் படிப்பிக்கிற ஆசிரியைதான். ஒன்பது வருடமாக அந்தப் பாடத்தை வீட்டில் படிக்கச் சொன்னவள். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.