துடக்கு இல்லை என்றார் அப்பா

தைப்பூசத்தன்று காலை ஆறரை மணி. எழுந்து வந்த நான் முதலில் பார்த்தது, அப்பா சமையலறையில் குந்தியிருந்து பால்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்ததை. எங்கள் வீட்டில் குடம் தேய்ப்பது அம்மாவின் வேலை. அவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

குடம் எனக்கு. முந்தைய வருடம் நான் டைபாய்டு காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் எங்கள் பினாங்கின் தண்ணீர்மலை முருகனுக்கு என்னைப் பால்குடம் எடுக்க வைப்பதாக நேர்ந்தவர் அம்மா. இப்போது போகக் கூடாது என்றவரும் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. அப்பாவின் ஒரே அண்ணன், என் பெரியப்பா, அங்கே இருந்தார். பொங்கல் கழிந்த கையோடு ஒரு மாலை, சிற்றலை வானொலியில் இலங்கை அரசாங்கத்தின் அறிக்கை ஒன்றை வாசித்தார்கள். பெரியப்பாவின் ஊர்ப்பெயரைச் சொல்லி, அங்கிருந்த பயங்கரவாதிகளின் தளம் விமானத் தாக்குதலில் அழிக்கப்பட்டது, பொதுமக்களுக்குப் பாதிப்பில்லை என்றார்கள்.

“அந்தச் சந்தியில என்ன தளம் இருக்கு?” என்றார் அம்மா. “ஒரு வாசிகசாலை, ஒரு பிள்ளையார் கோயில், உங்கட அண்ணையின்ர வீடு. இதில எதை அழிச்சவையாம்?”

“சனத்துக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறாங்கள். அரசாங்கம் சும்மா அறிக்கை விடாது.”

“ஓமோம். நீங்களும் கந்தோரில அறிக்கை எழுதுற ஆள்தானே.”

அப்பா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா.

மறுநாளிலிருந்து அம்மா சுவாமி விளக்கை ஏற்றவில்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் விளக்கும் இல்லை, கோயிலும் இல்லை. துடக்கு என்பார்கள் எங்களவர்கள். யாரும் சாவு சொல்லி வராத வீட்டில் அம்மா துடக்குக் காத்தார். அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், தானே விளக்கை ஏற்றினார். எங்கள் வீட்டில் சாவு நடந்ததா இல்லையா என்பது, அந்த நேரத்தில் யார் வீட்டில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

“நீ துடக்கெண்டு இருந்தால் அண்ணை செத்துப்போனார் எண்டு ஆகுது. விளங்குதோ?” என்றார் அப்பா ஒருநாள்.

“விளக்குக் கொளுத்தினால் இருக்கிறார் எண்டு ஆகுமோ?” என்றார் அம்மா.

நான் அப்பாவின் பக்கம். எனக்கு மஞ்சள் பட்டில் பாவாடை தைத்து வந்திருந்தது. அந்த ஒன்பது வயதில் அரசாங்க அறிக்கைகளின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

ஆக, அப்பாவும் நானும் மட்டும் போனோம். சாலையோரம் சீனர்கள் தேங்காய்களைக் குவித்துவைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். தேங்காய்த் தண்ணீரில் கால் வழுக்கியது. எங்களோடு கூட நடந்த ஓர் அக்கா, அக்கரையில் ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலை பார்ப்பவர், தலையில் தன் குடத்தோடு வழியெல்லாம் எனக்கு உற்சாகம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பாப்பா, குடத்த ஆட்டாத. முருகனுக்கு மோராப் போயிரும் லா.”

அப்பா சிரித்தார். அந்த இரண்டு வாரத்தில் அவர் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

மலைப்படிக்குச் சற்று முன்னால் ஒரு தண்ணீர்ப்பந்தல். மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த ஒல்லியான ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பெரியப்பாவின் ஊர்க்காரர். பினாங்கிலிருக்கும் தங்கை வீட்டுக்குக் கொழும்பு வழியாக முந்தாநாள்தான் வந்து சேர்ந்திருந்தார். அவர் முகத்தில் துக்கத்தைவிட ஆச்சரியம்தான் தெரிந்தது.

“அண்ணை, உங்களுக்குத் துடக்கெல்லோ? என்னண்டு கோயிலுக்கு வந்தனீங்கள்?”

அப்பா என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

“ரேடியோவில சனத்துக்கு ஒண்டும் இல்லையெண்டுதானே சொன்னவை,” என்றார்.

“ரேடியோவிலயோ?” என்றார் அந்த மனிதர். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நான் சுடலை வரைக்கும் போனனான் அண்ணை. உங்களுக்கு ஆரும் சொல்லியிருப்பினம் எண்டு நினைச்சன்.”

நான் பந்தலில் மோர் ஊற்றுபவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் தாகம். அப்பா என் தலையிலிருந்த குடத்தை இரண்டு கையாலும் இறக்கினார். ஒரு கணம் அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். அப்புறம் ஜுரு அக்காவிடம் நீட்டினார்.

“தங்கச்சி, இதையும் சேர்த்து ஊத்திவிடுவீங்களோ?”

“ஏண்ணே, பாப்பாவுக்குக் கால் வலிக்குதா? இந்தா, படி வந்திருச்சே.”

“பிள்ளைக்கு ஏலாமல் போச்சு.”

“எனக்கு ஏலும்!” என்று கத்தினேன். எனக்கு ஒரு நோவும் இல்லை. எல்லார் முன்னாலும் அப்பா பொய் சொன்னார் என்பதும், மலை கண்ணெதிரே இருக்கத் திரும்புகிறோம் என்பதும்தான் என் துக்கம். பேருந்தில் வீடுவரை அழுதேன். அப்பா என்னைத் தேற்றவில்லை. அம்மா சொல்லித்தான் இப்படிச் செய்கிறார், இருவரும் சேர்ந்துகொண்டார்கள் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா முன்வாசலால் நுழையவில்லை. பக்கவாட்டால் போய், பின்புறக் குழாயைத் திறந்து, வேட்டியோடும் சட்டையோடும் அதன் கீழே உட்கார்ந்தார். வெயிலில் நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தார். அப்பாவைப் பார்த்தார். வாளியை நிறைத்து, பட்டுப் பாவாடையோடு நின்றிருந்த என் தலையில் ஊற்றினார்.