எதிர்காற்றும் மாமாவின் மோட்டார் சைக்கிளும்

எட்டு வருடம் சைக்கிள் பந்தயம் ஓட்டினேன். ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. "அப்புறம் எதுக்கு ஓட்டுன?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. தினமும் மூன்று வேளை சாப்பிடுகிறீர்களே, எந்தப் பரிசுக்கு என்று திருப்பிக் கேட்டுவிட்டு நடையைக் கட்டுவேன்.

2004-இல் தொடங்கியது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் அரை டிராயர் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கியர் சைக்கிளில் கிளம்பும் பெண் நான் ஒருத்திதான். தெருவே வாயைப் பிளந்தது. வீட்டில் என் பக்கம் நின்றவர் மாமா மட்டும், அம்மாவின் தம்பி. அந்த சைக்கிளைப் பாண்டிச்சேரியிலிருந்து பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அவர்தான்.

டிகிரி முடித்த வருடம் அப்பா ஒரு முடிவு சொன்னார். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நடக்கும் பெண்கள் பந்தயத்தில் முதல் மூன்று பேருக்குள் வந்தால் சிதம்பரத்தில் மேல்படிப்பு, சைக்கிளும் தொடரலாம். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவார்கள். அந்த வீட்டில் சைக்கிள் பேச்சே ஆகாதாம். நான் தலையாட்டவில்லை. தலையாட்டியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்கும் கட்சி விழாவுக்கும் நடக்கும் பந்தயங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவரின் சொந்தக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் கூடவே வருவார்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், முன்னால் போய்க் காற்றை மறைப்பார்கள். யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். இந்தப் பந்தயம் அப்படியல்ல. நடுவர்கள் ஜீப்பில் வந்தார்கள். வண்டி மறைவில் ஓட்டினால் பந்தயத்தை விட்டே நீக்கிவிடுவார்கள். முந்தின நாளே மாமாவிடம் சொல்லியிருந்தேன். "சரி சரி" என்றார், அவ்வளவுதான்.

செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகளின் நெடியை மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினோம். ஆலப்பாக்கத்தில் நான் இரண்டாவது. புதுச்சத்திரம் தாண்டியதும் தெற்குக் காற்று முகத்தில் அறைந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்துகொண்டிருந்த மாமாவுக்கு நான் திணறுவதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. வண்டியை முறுக்கிக்கொண்டு எனக்கு நேர் முன்னால் வந்துவிட்டார். சட்டென்று காற்று நின்றது. கால் பஞ்சு மாதிரி ஆனது. பொய் சொல்ல மாட்டேன், அப்படியே சிதம்பரம் வரை போய்விடலாம் போலத்தான் இருந்தது.

பின்னால் ஜீப்பிலிருந்து விசில் அடித்தார்கள்.

"மாமா, தள்ளிப் போங்க! என்னைத் தூக்கிடுவாங்க!"

"நீ மிதி பாப்பா. எவன் கேக்குறான்னு நான் பாத்துக்கறேன்."

வலப்பக்கம் ஒதுங்கினேன். அவரும் ஒதுங்கினார். இடப்பக்கம் வந்தேன், அவரும் வந்தார். பிடிவாதமான அன்பைப் போல ஒரு தொல்லை உலகத்தில் இல்லை. பிரேக்கைப் பிடித்து நடுரோட்டில் இறங்கி நின்றுவிட்டேன். மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள்.

"நீங்க போனாத்தான் நான் ஏறுவேன்!"

தாய்மாமனை அத்தனை பேர் முன்னால் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று சொந்தத்தில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வாங்குகிற இடம் எனக்கு வேண்டாம். மாமா முகம் தொங்கிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

மறுபடி ஏறி மிதித்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ஒருத்தியைப் பிடித்தேன். இன்னொருத்தியின் பின்சக்கரம் வரை போனேன், அதற்குள் எல்லைக்கோடு வந்துவிட்டது. நாலாவது.

சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "என்னாலதான் போச்சு" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை வரவில்லை. அப்பா மட்டும் அசையவில்லை.

"பேச்சுன்னா பேச்சுதான். ஞாயித்துக்கிழமை காலைல அவுங்கள வரச் சொல்லிட்டேன்."

"காலைல நான் பிராக்டீஸ் போறேம்ப்பா. பொண்ணப் பாக்கணும்னா ரோட்டோரமா நிக்கச் சொல்லுங்க. நான் நிக்க மாட்டேன். போறப்ப பாத்துக்கட்டும்."