கடைசிப் பங்கு

திமிங்கில வேட்டைக்குப் போய்ச் சீரழிந்த ஒரு கப்பலைப் பற்றிய படம் அது. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் விளக்கெரிக்க எண்ணெய் வேண்டுமென்று வருஷக்கணக்கில் கடலில் அலைந்திருக்கிறார்கள். ஒரு திமிங்கிலம் திருப்பி முட்டிக் கப்பலை உடைத்துவிடுகிறது. தப்பியவர்கள் சின்னப் படகுகளில் ஏறி, இருக்கிற பிஸ்கட்டைப் பங்கிட்டுத் தின்கிறார்கள். பிறகு பங்கிட பிஸ்கட்டும் இல்லை. உண்மையில் நடந்தது என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார்கள். தமிழில் குரல் கொடுத்த பிரதி என்பதால், மாலுமிகள் பட்டினியில் கிடக்கும்போதும் மேடை நாடகத் தமிழில் பேசினார்கள்.

பென்டிரைவில் அதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அண்ணன். கொழும்பில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். பேச வேண்டிய விஷயம் ஒன்று இருந்தால் அதைத் தள்ளிப்போட அவருக்கு ஏதாவது கையில் வேண்டும். சின்ன வயதிலும் அப்படித்தான்.

பேச வேண்டிய விஷயம் அப்பா. பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கடைசி வீடு. அம்மா போன பிறகு அங்கே தனியாக இருந்தவர், மழையில் வாசலில் தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வாக்கரைப் பிடித்து நடக்கிற நிலையில் வந்து சேர்ந்திருந்தார். எங்களோடு வரச் சொன்னால் வரமாட்டேன் என்று ஒரே பிடி. ஆகவே, பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து கூட இருக்க வேண்டும்.

அண்ணனுக்குக் கடை. தங்கச்சிக்கு கார்மென்ட் வேலை, இரண்டு குழந்தைகள். எனக்குக் கண்டியில் மருந்துக்கடை வேலை, ஒரு வாடகை அறை, கல்யாணம் இல்லை. காலையிலிருந்து இருவரும் என்னிடம் வழக்கத்தைவிட மரியாதையாகப் பேசினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அந்த அறையில் கட்டிலும் மேசையும் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் நானே பூட்டி நானே திறக்கும் கதவு என் வாழ்க்கையில் அதுதான் முதலாவது.

அப்பா படத்தைக் கவனமாகப் பார்த்தார். பெரகல சந்தியில் நின்றால் வெயில் நாளில் தெற்கே ஒரு வெள்ளைக் கோடு தெரியும், கடல் என்பார்கள். அவருக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். திமிங்கிலம் வந்தபோது அவர் அசையவில்லை. பிஸ்கட்டைப் பங்கு வைக்கிற இடத்தில்தான் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

அதற்குக் காரணம் உண்டு. தீபாவளிக்கு எங்கள் லயத்தில் ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து ஆடு அடிப்பார்கள். கறியைக் கூறு வைப்பது பல வருஷமாக அப்பாவின் வேலை. பங்கு போடுகிறவர் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அவர் எடுத்துத் தன் பையில் போட்டதை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்டதாகிவிடும். அம்மாவுக்கு மட்டும்தான் அந்தப் பை திறக்கும். “இந்த வருசமும் கழுத்தெலும்பா? ஊருக்கெல்லாம் தொடை, நமக்கு எலும்பு,” என்று திட்டிக்கொண்டே அடுப்பில் ஏற்றுவாள்.

படகில் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். செத்தவர்களைத் தின்று மற்றவர்கள் பிழைக்கிறார்கள். கடைசியில் செத்தவரும் இல்லாதபோது, யாரைக் கொல்வது என்று குச்சி உருவுகிறார்கள். கட்டைக்குச்சி யாருக்கு வருகிறதோ அவர். தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கு வந்ததோ வேறு கோபம்.

“குச்சிய வெட்டினவனே மொதல்ல உருவுறான் பாரு! இது களவு,” என்றார்.

படம் முடிந்தது. அண்ணன் மேசையிலிருந்த பென்டிரைவையே உருட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அண்ணே, நாமளும் குச்சி உருவுவோம். யாருக்குக் கட்டை வருதோ அவங்க அப்பாகூட இருக்கட்டும்.”

“அப்பா முன்னால என்ன பேச்சு இது?”

“அவ சொல்றது சரிதான்,” என்றார் அப்பா. “வெளக்குமாத்த எடு.”

ஈர்க்குகளை அவரே உருவிக்கொண்டார். நான்கு.

“நாலு எதுக்குப்பா?” என்றாள் தங்கச்சி.

“நானும் இந்தப் படகுலதான இருக்கேன்? எனக்கு வந்தா என்னைய நானே பாத்துக்கிறேன்.”

முதுகைக் காட்டித் திரும்பி, எதையோ செய்து, மூடிய கையை நீட்டினார். அண்ணன் உருவினார், நெட்டை. தங்கச்சி உருவினாள், நெட்டை. நான் உருவினேன். எனக்கும் நெட்டை.

“அப்ப கட்டை எனக்கு,” என்று கையிலிருந்ததைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம் சோற்றுக்குச் சொல்லலாம், வாரம் ஒருவர் வந்து பார்க்கலாம் என்று இருவரும் மளமளவென்று பேச ஆரம்பித்தார்கள். தங்கச்சி ஊருக்குக் கிளம்பப் பையை எடுத்து வைத்தாள். பங்கு போட்டவரின் பைக்குள் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

சிதறிய தூசியைக் கூட்டலாமென்று அதே விளக்குமாற்றை எடுத்தேன். அப்பா திரும்பி உட்கார்ந்திருந்த இடத்தைக் கூட்டினேன். பெஞ்சுக்கு அடியிலும் கூட்டினேன். ஒரு ஈர்க்கை ஒடித்திருந்தால் ஒடித்த துண்டு அங்கே கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. அவர் எதையும் ஒடிக்கவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தோற்றால் வந்து இருந்துவிடுவது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் நான் உருவியிருந்தேன். அதற்கும் வழி விடாமல் இந்த மனுஷன் மறுபடியும் கழுத்தெலும்பைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

“உக்காருங்க எல்லாரும்,” என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அப்பா ஒண்ணையும் ஒடிக்கல. நாலும் நெட்டை. இந்தத் தடவை நான் போடுறேன்.”

அப்பா சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். நான் மூன்று ஈர்க்குகளை உருவி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒன்றை ஒடித்தேன். துண்டு தரையில் விழுந்தது.

“மூணா? எனக்கு எங்க?” என்றார் அப்பா.

“உங்களுக்கு இல்லப்பா. நீங்கதான் பங்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

திரும்பி நின்று ஈர்க்குகளை மாற்றி மாற்றிக் கலந்து கையை நீட்டினேன். அண்ணனுக்கு நெட்டை. தங்கச்சி என்னைப் பார்க்காமல் உருவினாள், அவளுக்கும் நெட்டை. இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் கையை விரித்தேன். அவர்கள் பார்க்கவில்லை. அப்பாதான் வாக்கரை ஊன்றி எழுந்து, அடி அடியாக வந்து, பங்கு போட்டவளின் கையை எட்டிப் பார்த்தார்.

“கட்டைதான்,” என்றார்.

அந்த மாதக் கடைசியில் கண்டி அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்குத்தான் அழுதேன்.