காலையில் வந்த எக்ஸ்பர்ட்

தப்பு என்னுடையதுதான். ஆனால் அன்றைக்கு லூயிஸைப் பார்த்திருந்தால் நீங்களும் அதே தப்பைத்தான் செய்திருப்பீர்கள்.

நான் தனக்கொடி. புதுச்சேரியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறை அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்காதீர்கள், வேலை போய்விடும். போன ஜூனில் தற்காலிக விரிவுரையாளர் ஒருவர் தேவை என்று விளம்பரம் கொடுத்தோம். பதினோரு மாத வேலை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும்.

"இன்டர்வியூ எடுக்க மதுரையிலேருந்து எக்ஸ்பர்ட் ஒருத்தர் வராரு," என்றார் துறைத் தலைவர் ஆதிமூலம் சார். "நானும் போன்லதான் பேசியிருக்கேன். பெரிய தாடியாம். வாசல்லயே நின்னு கூட்டிட்டு வந்துடும்மா."

ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவிலிருந்து ஒருவர் இறங்கினார். ஆறடி உயரம், நெஞ்சு வரைக்கும் தாடி, அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. ஆட்டோக்காரரே வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனார். நான் ஓடிப்போய், "வாங்க சார், உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துட்டிருக்காங்க," என்று பையை வாங்கிக்கொண்டேன்.

அவர்தான் லூயிஸ். உழவர்கரைக்காரர், வேலை கேட்டு வந்தவர்.

அவர் கதை எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நாடகத்தில் எம்.ஏ. படித்தவர். எட்டு ஜூன் மாதங்கள் எட்டுக் கல்லூரிகளில் இன்டர்வியூவுக்குப் போய் எட்டிலும் கிடைக்கவில்லை. பிழைப்புக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில் பொய் நோயாளி. மாணவர்கள் பரீட்சைக்குத் தயாராக யாராவது நோயாளியாகப் படுக்க வேண்டுமே, அது இவர். திங்களன்று குடல்வால், புதனன்று நெஞ்சுவலி. கோட்டு மாமனாருடையது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. தாடி, சர்ச் பங்கில் நடக்கும் பாஸ்கா நாடகத்தில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேஷத்துக்கு வளர்த்தது. பிலாத்துவுக்குத் தாடியே கிடையாது என்று பங்குச்சாமி தலைதலையாய் அடித்துக்கொண்டும் இவர் எடுக்கவில்லை.

அடுத்த மாதத்தோடு அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இந்த வேலையை விட்டால் இனி எந்தக் கல்லூரியும் விண்ணப்பத்தைக்கூட வாங்காது. "இன்னிக்கி கிடைக்கலன்னா சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்து பரண்ல போட்டுடுங்க," என்று மனைவி ஜூலி சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நான் அவரை உள்ளே கூட்டிப்போய் நடு நாற்காலியில் உட்காரவைத்தேன். இளநீர், முந்திரி, மெதுவடை. ஒரு பக்கம் ஆதிமூலம் சார். இன்னொரு பக்கம் நிர்வாகத்தின் சார்பில் வந்த வணிகவியல் பேராசிரியர் தணிகாசலம். அவர் எந்தக் கமிட்டியிலும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை, வடைக்குத் தவிர.

லூயிஸ், இந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை கேட்டு வருகிறவர்களுக்குத்தான் எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோயிருக்கிறார். முதல் ஆள் ஃபைலோடு வந்து எதிரே உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். பிற்பாடு நான் அவரிடம் அதைத்தான் கேட்டேன்.

"எப்டிக்கா சொல்றது?" என்றார். "இருவது வருசம் முன்னாடி பாஸ்கா அன்னிக்கி பிலாத்துவுக்கு வாந்தி பேதி. ஈட்டி புடிச்சிட்டு நின்ன என்னைப் புடிச்சி சிம்மாசனத்துல தள்ளிட்டாங்க. நான் பாட்டுக்கு தீர்ப்பு சொன்னேன். எங்க பங்குல அதான் வழக்கம். மேடையில உக்கார வச்சிட்டாங்கன்னா சீன் முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது."

ஆக, எந்திரிக்கவில்லை. நான்கு பேரை வரிசையாகக் கேள்வி கேட்டார், அதுவும் எப்படி.

"ஆஸ்பத்திரியில டோக்கனோட நிக்கிறீங்க. உங்களத் தாண்டி வேற ஒருத்தர உள்ள விட்டுட்டாங்க. பேசாம நடிங்க."

எல்லோரும் கண்ணை உருட்டினார்கள், பல்லைக் கடித்தார்கள். "கோவத்த மூஞ்சில வைக்காதீங்க. டோக்கன் புடிச்ச கையில வைங்க," என்றார் லூயிஸ். நாலாவதாக வந்த அபி என்ற பெண், விரலுக்குள் இல்லாத டோக்கனை மெதுவாகக் கசக்கினாள். காபி கொண்டுபோன நான் டம்ளரை மேஜையில் வைக்க மறந்து நின்றுவிட்டேன். லூயிஸ் கைதட்டிவிட்டு பத்துக்கு ஒன்பது போட்டார். தன் பிழைப்புக்குத் தானே உலை வைக்கிறோம் என்ற நினைப்பே அந்த மனிதருக்கு இல்லை.

அடுத்து நான் வராந்தாவில் நின்று, "லூயிஸ்" என்று கூப்பிட்டேன். ஆளில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்று முறை கூப்பிட்டு வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுதிவிடுவது எங்கள் விதி. மூன்றாம் முறை கூப்பிட்டபோது உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"நான்தாங்க லூயிஸ்," என்றார் அவர்.

மேஜையைச் சுற்றிவந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆதிமூலம் சார் பூரித்துப்போய், "பாரும்மா, இன்டர்வியூவுக்கு எப்டி வரணும்னு நடிச்சே காட்டறாரு. கை நடுங்கறதப் பாரு," என்றார்.

"சார், நெசமாவே நான்தான் லூயிஸ்."

"குரல் உடையுது பாத்தியா?"

லூயிஸ் சான்றிதழ்களை எடுத்துப் பரப்பினார். ஆதிமூலம் சார் அதற்கும் தலையாட்டி ரசித்தார். தணிகாசலம் மட்டும் ஆதார் அட்டையை எடுத்து, போட்டோவையும் தாடியையும் மாறிமாறிப் பார்த்து, "இவருதாங்க லூயிஸ்," என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து ஆதிமூலம் சாருக்கு போன். விழுப்புரத்தில் பஸ் மாற வேண்டிய மதுரைக்காரர், தூங்கிப்போய்த் திண்டிவனத்தில் கண் விழித்திருக்கிறார்.

இரண்டு மணிக்கு அவர் வந்ததும் எல்லாம் முதலிலிருந்து நடந்தது. லூயிஸ்தான் முதல் ஆள். "உங்களப் பத்திச் சொல்லுங்க," என்று கேட்டார் எக்ஸ்பர்ட். காலையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த மனிதருக்குப் பேச்சே வரவில்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அப்புறம் தண்ணீர் கேட்டார். வெளியே வந்து, "போச்சுக்கா. வேற யாரா வேணா இருந்துடுவேன், என்னைப் பத்திக் கேட்டாதான் ஒண்ணும் வர மாட்டேங்குது," என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னால்தானே.

பிறகு மற்ற நால்வரும் போனார்கள். வீட்டு ஓனர் உங்கள் சாமானைத் தெருவில் எறிகிறார், அந்தக் கோபத்தை நடியுங்கள் என்றார் எக்ஸ்பர்ட். முதல் ஆள் முகத்தை அசைக்காமல் கையில் இல்லாத சாவியை இறுக்கிப் பிடித்தார். இரண்டாமவரும் கையைத்தான் நம்பினார். மூன்றாமவரும் அப்படியே. கடைசியில் அபி.

"நாலு பேருக்கும் ஒரே வாத்தியாராம்மா?" என்று கேட்டார் எக்ஸ்பர்ட்.

"காலைல இருந்த எக்ஸ்பர்ட் சொல்லிக்குடுத்தாரு சார்."

"காலைல நான் திண்டிவனத்துல இல்ல இருந்தேன்?"

ஆதிமூலம் சார் வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். எக்ஸ்பர்ட் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அபி நல்லா நடிக்குது. ஆனா நீங்க கேட்டது நடிகர இல்லையே, வாத்தியாரத்தான?" என்றார்.

ஐந்து மணிக்கு லூயிஸை உள்ளே கூப்பிட்டு, வேலை அவருக்குத்தான் என்று சொன்னார்கள். அவர் கோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆதிமூலம் சார் என் காதருகே குனிந்து, "இது நடிப்பாம்மா?" என்றார்.

"இல்ல சார்," என்றேன். "மூக்கு ஒழுகுது."