விரலுக்குப் பாரமில்லாத கம்பி

மோட்டார்க்காரருக்குத் தெரியாத கம்பி ஒன்று இருக்கிறது என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைக் கடையை விட்டே விரட்டியிருப்பார். வீட்டின் முன்னறைதான் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்கு முப்பது வருஷமாக அங்கே உட்கார்ந்து காயில், அதாவது செம்புக் கம்பிச்சுருள், சுற்றுகிறார். விரல் கனத்திலிருந்து தலைமுடி கனம் வரை எல்லாக் கம்பியும் அவர் கையில் புரண்டவைதான்.

இப்போது அவரை ஆட்டிவைப்பது இரண்டு முழக் கம்பி. பக்கவாதத்தில் படுத்த மனைவிக்குப் பேச்சு போய்விட்டது. வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக மடங்கும். விரலில் ஒரு தகடு, உள்ளங்கையில் ஒரு தகடு. இரண்டும் தொட்டால் முன்னறையில் மணி அடிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? சாதாரண மணி வயரைக் கட்டினால் அதன் விறைப்பை மீறி அந்த விரல் அசையவில்லை. காயில் கம்பியைக் கட்டினார். இருபது தரம் மடங்கியதும் பட்டென்று ஒடிந்தது.

எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனார்.

"எவ்வளவு கரண்ட் போகணும்ணே?"

"கரண்டு கொஞ்சம் போனாப் போதும்பா. வயர் இருக்கிறதே தெரியக் கூடாது."

"அப்ப வயரே இல்லாத மணி வாங்கிக்கோங்க."

"அந்தப் பட்டனை அமுக்க எனக்கே தம் கட்டணும். அவ எங்கேருந்து அமுக்குவா?"

கடைக்காரர் கொடுத்த நாலு வகை வயரும் வீட்டுக்கு வந்ததும் விறைத்துக்கொண்டு நின்றன. ஊரிலுள்ள மோட்டாரையெல்லாம் ஓட வைத்தவருக்கு, ஒரு விரலுக்கு வழி சொல்ல முடியவில்லை. அழுகையாக வந்தது.

வழி சொன்னது மகள். ஞாயிற்றுக்கிழமை வந்தவள், பழுதான தன் இயர்போனை நீட்டினாள். "இது நூல் மாதிரி துவளுதுப்பா, பாருங்க."

வெட்டினார். உள்ளே முடியைவிட மெல்லிய இழைகள்; பாதி சிவப்பு, பாதி பச்சை.

"கலர் எதுக்குப்பா?"

"எது எந்தக் காதுக்குப் போகுதுன்னு தெரியத்தான்" என்றார், எல்லாம் தெரிந்தவராக. இழைகளைத் தகடுகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மனைவியின் விரல் மடங்கியது, மணி அடித்தது. அவள் பாதி முகத்தால் சிரித்தாள். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் மதியம் மணி அடிக்கவே இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரைத் திரும்ப வாங்க வந்தவரிடம், "வீட்டம்மா இன்னைக்கு எனக்கு லீவு விட்டுட்டாங்க" என்று பெருமையடித்துக்கொண்டார். தூங்குகிறாள் என்று நினைத்து, கைவேலையை முடித்துவிட்டே எழுந்தார்.

ஜன்னல் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கன்னம் சிவந்து கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. விரல் மடங்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடங்கியது. எத்தனை நேரமாகவோ.

திரையை இழுத்துவிட்டுக் கம்பியை எடுத்துப் பார்த்தார். கலர், கலருக்காக மட்டும் பூசியதில்லை. அது கரண்டை விடாத எனாமல். தினமும் காயில் கம்பியில் அவர் சுரண்டி எடுக்கிற அதே பூச்சு. சுரண்டாமல் வைத்த ஈயத்தில் ஏதோ ஓர் இழை பட்டும் படாமலும் ஒட்டி நேற்று ஏமாற்றியிருக்கிறது. இன்று அதுவும் விட்டுவிட்டது. பத்து வயதுப் பையன்கூடச் செய்யாத தப்பு! தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

பூச்சைப் பொசுக்கி, துடைத்து, மறுபடி பற்றவைத்தார். தானே பத்து தரம் தொட்டுப் பார்த்தார். பத்து தரமும் அடித்தது. அவள் விரலில் மாட்டினார்.

"இப்ப கூப்பிடும்மா. ஒரே ஒரு தரம்."

அவள் அவரைப் பார்த்தாள். விரல் அசையவில்லை.

அதற்குப்பிறகு அந்த மணி அவர் தொட்டால் மட்டுமே அடிக்கிறது. விரல் ஓய்ந்துவிட்டதா, மனம் விட்டுப்போயிற்றா என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. முன்னறையில் காயில் சுற்றுகிறவர் பத்து சுற்றுக்கு ஒரு தரம் எண்ணிக்கையை விட்டுவிட்டு, யாரும் கூப்பிடாமலே உள்ளே ஓடுகிறார்.