சேனைக்கிழங்கில் பழகிய கறிக்குழம்பு

என் மாமனார் ஆறு வருடங்களாக எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை. ஈஸ்டருக்கு ஈஸ்டர் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவார். எவர்சில்வர் தூக்கு நிறைய மாமியார் வைத்த கறிக்குழம்பை என் மனைவியிடம் கொடுப்பார். வாசலில் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அவர்கள் கிறிஸ்தவர்கள், நான் இந்து. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டோம். குழம்பு கொடுக்கும் அளவுக்குக் கோபம் தணிந்திருந்தது, உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குத் தணியவில்லை.

இந்த வருடம் சாம்பல் புதன் அன்று போன் செய்தார். ஈஸ்டருக்குச் சாப்பிட வருகிறாராம். ஒரே நிபந்தனை, குழம்பை நான்தான் வைக்க வேண்டும். மகள் வைத்தால் அது அவர் வீட்டுச் சாப்பாடுதானே என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, எனக்கு முட்டை வேகவைப்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

பழகிக்கொள்ளலாம் என்றால் அன்றோடு தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை எங்கள் வீட்டுக்குள் கறி நுழையாது. நோன்பு என் மனைவியுடையதுதான், ஆனாலும் நான் மட்டும் எலும்பு கடிப்பது நியாயமில்லை. கடைசியில் சேனைக்கிழங்கை வைத்துப் பழகுவது என்று முடிவாயிற்று. ஞாயிறுதோறும் மல்லி, மிளகு, சோம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்து, சின்ன வெங்காயத்தோடு மல்லாட்டை எண்ணெயில், அதாவது கடலை எண்ணெயில், வதக்கினேன். முதல் வாரம் பன்னிரண்டு மிளகாய். போதவில்லை என்றாள் மனைவி. அவள் அப்பாவுக்குக் காரம் சுள்ளென்று இருக்க வேண்டுமாம். வாராவாரம் ஏற்றினேன். ஐந்தாவது வாரம் இருபத்திரண்டு மிளகாயில் குழம்பு அமர்க்களமாக வந்தது. அளவை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

ஈஸ்டர் அன்று விடிந்தும் விடியாததுமாய்க் கறிக்கடை வரிசையில் நின்றேன். தொடைக்கறி, நெஞ்செலும்பு, கொஞ்சம் கொழுப்பு என்று கேட்டு வாங்கினேன். மனைவி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தாள். அவள் வந்த பிறகு இருவருமாகத்தான் கறியை வாயில் வைப்பது என்று பேச்சு. கறி வெந்து எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தபோது அடுப்படியிலேயே ஒரு ஆட்டம் போட்டேன். தெருவே மணத்தது. அவள் உள்ளே நுழையவும் மாமனாரின் போன் வரவும் சரியாக இருந்தது. பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டிவிட்டதாம், இன்னும் அரை மணியில் வந்துவிடுவார். அவசரமாக ஆளுக்கு ஒரு கரண்டி ருசி பார்த்தோம்.

நாக்கு பற்றி எரிந்தது. அத்தனை வாரமும் கிழங்கு காரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. கறி அப்படி உறிஞ்சவில்லை, அத்தனை காரமும் குழம்பிலேயே நின்றுவிட்டது. அவள் தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள். ஒரு தேங்காயை உடைத்து அரைத்து ஊற்றினோம். இறங்கியது, கொஞ்சம்தான் இறங்கியது. ஆறு வருடம் காத்திருந்த சாப்பாட்டை மிளகாயில் கெடுத்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மாமனார் வந்தார். கையில் ஒரு மஞ்சப்பை, உள்ளே அதே தூக்கு. என்னை நம்பாமல் குழம்பையும் கொண்டுவந்துவிட்டார் என்று என் முகம் தொங்கிப்போனது. ஆனால் செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், கை கழுவிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இலையில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன். முதல் வாயிலேயே அவர் மூக்கு சிவந்தது. மூன்றாவது வாய்க்கு நெற்றி வேர்த்தது. காரம் தூக்கலாகிவிட்டது மாமா, தயிர் எடுத்து வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையால் தடுத்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எலும்பை உறிஞ்சினார். பிறகு இலையைத் தட்டிக் காட்டி இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், பையிலிருந்து தூக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தால் கனமே இல்லை, காலி.

"இதுல ஊத்துங்க மாப்ள. உங்க அத்தைக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியல. மாப்ள வைக்கிற கொழம்ப எனக்கும் வாங்கியாந்துடுன்னு காலையிலேயே தூக்கக் கழுவிக் குடுத்தா. சாப்டாம காத்துக்கினு இருப்பா."

ஊற்றும்போது எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. மனைவி வந்து தூக்கைப் பிடித்துக்கொண்டாள்.